ஷலூப்பில் ஐந்து பேர்

சாரம், புதுச்சேரி
9 பிப்ரவரி 2025

அன்புள்ள தம்பி இனியவனுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மணி பன்னிரண்டாகப் போகிறது. உனக்கு அங்கே லியோனில் இப்போதுதான் இரவுச் சாப்பாட்டு நேரம், போன் செய்திருக்கலாம். ஆனால் துர்கா தூங்கும் அறையும் நான் உட்காரும் அறையும் ஒன்றுதான். நான் "ஹலோ" என்றால் போதும், ஏழு மாதக் குழந்தைக்கு விடிந்துவிடும். அதனால் இனிமேல் நமக்குள் கடிதம்தான். மெயிலில் வந்தாலும் கடிதம் கடிதம்தானே.

அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. குழந்தையும் நானும் சௌகரியம். உன் மாமாவுக்குச் சேதராப்பட்டு மருந்துக் கம்பெனியில் இந்த வாரம் நைட் ஷிஃப்ட். உன் இருமல் நின்றதா?

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. லாஸ்பேட்டையில் விஜயராகவன் என்று ஒருவர் சின்னதாக மென்பொருள் அலுவலகம் வைத்திருக்கிறார், மொத்தம் ஆறு பேர். வீட்டிலிருந்தே செய்யலாம் என்றார். என் இரண்டு வருட இடைவெளியைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் திருப்பி அனுப்பினார்கள் என்று உனக்குத் தெரியும். இவர் ஜூன் வரை பார்க்கிறேன், சரியாக வந்தால் நிரந்தரம் என்று சொல்லியிருக்கிறார்.

வீராம்பட்டினத்திலிருந்து கனகசெட்டிக்குளம் வரை உள்ள விசைப்படகுக்காரர்கள் சங்கத்துக்கு ஓர் ஆப் செய்ய வேண்டும். படகு கிளம்பும்போது ஒரு பொத்தான், திரும்பியதும் ஒரு பொத்தான், காற்று எச்சரிக்கை வந்தால் சத்தம். எந்தப் படகு இன்னும் கரைக்கு வரவில்லை என்று சங்கத்துக்குத் தெரிந்துவிடும். ஏப்ரல் பதினைந்தில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. ஜூன் பதினைந்தில் படகுகள் மறுபடி கடலுக்குப் போகும்போது எல்லார் போனிலும் இது இருக்க வேண்டும்.

எந்த யூஐ ஃப்ரேம்வொர்க்கில் எழுதுவது என்று கேட்டேன். "நீங்களே தேர்ந்தெடுங்க மேடம், நீங்களே பொறுப்பு" என்றார். அன்றிலிருந்து தூக்கமில்லை. உன் மாமாவிடம் புலம்பினேன்.

"ஃப்ரேம்வொர்க்குன்னா என்னாடி?"

"வூடு கட்டறவங்க கதவு ஜன்னலைத் தாங்களே செதுக்காம ரெடிமேடா வாங்கி மாட்றாங்க இல்ல, அதுமாரி. பொத்தான், பட்டியல், எழுதற கட்டம் எல்லாம் செஞ்சி வச்சிருப்பாங்க. எடுத்து மாட்டிக்க வேண்டியதுதான்."

"அப்ப கதவு இறுகிப்போச்சின்னா யாரைக் கூப்புடுவ?" என்று கேட்டுவிட்டு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்கு இன்னும் கொஞ்சம் பயம் சேர்ந்ததுதான் மிச்சம்.

நீ அப்படி ஒன்றைச் செய்கிற கம்பெனியிலேயே இருக்கிறாய். நீங்கள் செய்யும் அந்த ஷலூப்புக்கு விளம்பரம் வேண்டாம். நல்ல ஃப்ரேம்வொர்க் என்றால் எப்படி இருக்க வேண்டும், அதை மட்டும் உண்மையாகச் சொல்.

குளிருக்குத் தலையில் எதையாவது கட்டு.

அக்கா
கார்குழலி


லியோன்
11 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது, சளி மட்டும் விசுவாசமாக இருக்கிறது. உன் வேலைக்கு வாழ்த்து. மருமகளுக்கு முத்தம். அம்மாவின் முட்டிக்கு இங்கிருந்து ஒரு தைலம் அனுப்புகிறேன், தடவ மாட்டார் என்று தெரிந்தும்.

விளம்பரம் வேண்டாம் என்று நீ எழுதியதை மொழிபெயர்த்துச் சொன்னேன், எங்கள் அறையில் ஐந்து பேரும் சிரித்தோம். ஆமாம், மொத்தமே ஐந்து பேர்தான். ஷலூப் என்றால் பிரெஞ்சில் பெரிய கப்பலோடு போகும் சின்னப் படகு.

உண்மையாகச் சொல்கிறேன். நல்ல ஃப்ரேம்வொர்க் போனோடு ஒத்துப்போக வேண்டும். சிலது பொத்தானைத் தானே வரைந்துகொள்ளும். எல்லாப் போனிலும் ஒரே மாதிரி தெரியும். எங்களுடையது போன்றவை, அந்தப் போனில் ஏற்கெனவே இருக்கிற பொத்தானையே கேட்டு வாங்கிப் போடும். நேட்டிவ் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். போன் வைத்திருப்பவர் எழுத்தைப் பெரிதாக்கியிருந்தாலும், படித்துக் காட்டும் குரலைப் போட்டிருந்தாலும், நீ தனியாக உழைக்காமலே அது உன் ஆப்பிலும் வந்துவிடும்.

தப்பு நடந்தால் எந்த வரியில் என்று சொல்ல வேண்டும். நாற்பது வரி கக்கிவிட்டு ஒன்றும் சொல்லாததை நம்பாதே. புதுப் பதிப்பு வந்தால் போன வருடம் எழுதியது உடையக் கூடாது. இதில் பெரிய ஆட்களே சறுக்குகிறார்கள்.

மற்றதை நீதான் கண்டுபிடிக்க வேண்டும். யார் பேச்சையும் கேட்காமல், மூன்றை எடுத்து ஒரே திரையை மூன்றிலும் எழுதிப் பார். கல்லூரியில் என் ப்ராஜெக்டைக் காட்டினால் ஏழு தப்பு கண்டுபிடித்துத் திருப்பித் தந்தவள் நீ.

மாமாவை விசாரித்ததாகச் சொல். அவர் கேட்ட கதவுக் கேள்விதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி.

தம்பி
இனியவன்


சாரம்
2 மார்ச் 2025

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? இங்கே துர்காவுக்கு முதல் பல். கடிப்பது என்னையும் கீபோர்டையும். தைலம் வந்தது. அம்மா அதைப் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறார்.

நீ சொன்னபடி செய்தேன். இரண்டு பெரிய கம்பெனிகளுடையதையும் உன்னுடையதையும் எடுத்துப் படகுப் பட்டியல் திரையை மூன்றிலும் எழுதினேன். எனக்கு நாளில் கிடைப்பது இருபது இருபது நிமிடத் துண்டுகள். அவள் சிணுங்கினால் எழுந்து போய், பால் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் விடவைத்துத் திரும்பினால் எங்கே விட்டேன் என்பது மறந்திருக்கும். முதலாவதில் ஒரு வரியை மாற்றினாலும் ஆப் ஆரம்பத்திலிருந்து தொடங்கியது. நான் இருந்த திரைக்குத் திரும்ப ஐந்து இடத்தில் தட்ட வேண்டும், அதற்குள் அவள் மறுபடி அழுதாள். இரண்டாவது பரவாயில்லை, ஆனால் ஒரு திரைக்கு நாலு ஃபைல். எழுந்து வந்து பார்த்தால் எது எதற்கு என்று விளங்கவில்லை.

ஷலூப்பில் விட்டது விட்டபடியே இருந்தது. பட்டியல் பாதி நகர்ந்திருந்தால் பாதி நகர்ந்தபடியே நிற்க, நான் சேர்த்த பொத்தான் மட்டும் வந்து உட்கார்ந்தது. எழுதியதைப் படித்தாலே திரை கண்ணில் தெரிகிறது. இதைச் செய்தவர்களில் யாரோ ஒருவர் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஷலூப் என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். விஜயராகவன் சார், "யாரு மேடம் இவங்க, கேள்விப்பட்டதே இல்லையே?" என்றார். "பிரான்சுல ஒரு டீம் சார்" என்றேன். அதில் ஒருவன் என் தம்பி என்று சொல்லவில்லை. சொன்னால் தம்பிக்காக எடுத்தாள் என்று ஆகிவிடும். அப்படி எடுக்கவில்லை, உனக்கே தெரியும்.

ஒரு கேள்விக்கு மட்டும் நேராகப் பதில் எழுது. ஐந்து பேரும் இன்னும் ஐந்து வருடத்துக்கு இருப்பீர்களா? படகுக்காரர்கள் போனில் ஏற்றிவிட்டு நடுவில் கைவிட முடியாது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா
கார்குழலி


லியோன்
25 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலமா? பதில் தாமதமாகிவிட்டது, வேலை கொஞ்சம் அதிகம். இங்கே குளிர் விட்டுவிட்டது. ஆற்றங்கரையில் மரங்களெல்லாம் துளிர்த்திருக்கின்றன. பல் முளைத்த படத்தைப் பார்த்தேன். மூக்கு அப்படியே மாமா.

விட்ட இடத்திலேயே நிற்கிற அந்த வேலையைச் செய்தவள் சாண்ட்ரின். அவளுக்கு இரட்டைக் குழந்தைகள், நீ சரியாகத்தான் நினைத்திருக்கிறாய். உன் கடிதத்தின் அந்தப் பகுதியை அவளுக்கு அனுப்பினேன். அழுதுவிட்டேன் என்று பதில் போட்டாள்.

ஏதாவது சிக்கல் வந்தால் எல்லோரும் பார்க்கும் ஷலூப் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்காதே, நேராக எனக்கே எழுது. சீக்கிரம் பார்த்துவிடலாம்.

அம்மாவிடம் ஞாயிறு பேசுகிறேன்.

தம்பி
இனியவன்


சாரம்
27 ஏப்ரல் 2025

அன்புள்ள தம்பிக்கு,

சுகமா? இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. துர்கா தவழ்கிறாள், எதையும் கீழே வைக்க முடிவதில்லை. போன கடிதத்தில் நீ எல்லாவற்றையும் எழுதினாய், நான் கேட்டதைத் தவிர. மறந்திருப்பாய் என்று விட்டுவிட்டேன்.

நேற்று கனகசெட்டிக்குளத்தில் ஆப்பை முதல்முறையாக ஜனங்களிடம் கொடுத்தோம். குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு நாலு மணி நேரம் வெளியே இருந்தது இதுவே முதல் தடவை. பஸ் காலாப்பட்டைத் தாண்டுவதற்குள் மூன்று முறை போன் செய்தேன். நாலாவது முறை அம்மா எடுக்கவே இல்லை.

தடைக்காலம் என்பதால் படகெல்லாம் கரையில் கிடந்தன. அந்த ஊரில் ஆப் பெண்கள் போனில்தான் இருக்கும். புருஷன் கிளம்பியதும் மனைவி அமுக்க வேண்டும் என்று சங்கச் செயலாளர் கமலக்கண்ணன் முன்பே சொல்லியிருந்தார். இருபது பெண்கள் வந்திருந்தார்கள். கிளம்பும் பொத்தானில் "போயிட்டு வரேன்" என்று போட்டிருந்தேன். கடலுக்குப் புறப்படுகிறவனை "போறேன்" என்று யார் சொல்ல விடுவார்கள்? என் போனில் அது அழகாக இருந்தது.

சின்னப்பாப்பா என்று ஓர் அக்கா, மீன் விற்கிறவர். கண் மங்கல் என்பதால் போனில் எழுத்தை இருப்பதிலேயே பெரிதாக வைத்திருக்கிறார். அவர் போனில் அந்தப் பொத்தான் "போயிட்டு" என்று காட்டி, பக்கத்தில் மூன்று புள்ளி வைத்தது.

"என்னாம்மா இது, போயிட்டுன்னு போட்டு நிறுத்திக்கிச்சி? வரேன் எங்க?"

"உள்ள இருக்குதுக்கா. இடம் பத்தல, அதான் புள்ளி வச்சிருக்கு."

"உள்ள இருந்தா எம் புருசனுக்கு என்னா பிரயோசனம்? உன் வூட்டுக்காரரை நீ இப்புடி அனுப்புவியா?"

கமலக்கண்ணன் குறுக்கே வந்தார். "சும்மா அமுக்குக்கா, படகே கரையிலதான கெடக்குது. ட்ரையலு."

"ட்ரையலுக்குத் தாலியைக் கழட்டி வச்சிப் பாக்கறதா? உன் பொண்டாட்டிய முதல்ல அமுக்கச் சொல்லு."

கமலக்கண்ணனின் மனைவி அங்கேதான் இருந்தார். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டதும் ஒரே சிரிப்பு. மற்றவர்களும் தங்கள் போனை எட்டிப் பார்த்தார்கள். பாதிப் பேர் போனில் அதே மூன்று புள்ளி. சிரித்துக்கொண்டேதான் எல்லோரும் போனை இடுப்பில் செருகினார்கள், ஆனால் ஒருத்தரும் அமுக்கவில்லை.

கூட வந்திருந்த விஜயராகவன் சார் "புறப்பாடுன்னு மாத்திடுங்க மேடம், சின்னதா இருக்கும்" என்றார். கமலக்கண்ணனைக் கேட்டேன். "சாமிக்குத்தாம்மா புறப்பாடு. நாங்க மீன் புடிக்கறவங்க."

பொத்தானில் படகுப் படம் போட்டுத் தப்பித்துவிடலாம் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து என் போனிலும் எழுத்தைப் பெரிதாக்கி, மற்றத் திரைகளைப் பார்த்தேன். எச்சரிக்கைத் திரையில் "நாளை கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று எழுதியிருந்தேன். "நாளை கடலுக்குச் செல்ல" என்று காட்டிவிட்டு மூன்று புள்ளி வைத்திருந்தது.

இனியா, இதைப் பார்த்துவிட்டு யாராவது படகை எடுத்தால்? எழுத்துப் பெரிதாவது தானாக வந்துசேரும் என்றாயே? இதை எப்படிச் சரிசெய்வது, எத்தனை நாளாகும், எழுது.

அக்கா
கார்குழலி


லியோன்
4 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் குழந்தையும் நலம்தானே? கடிதத்தை நாலு தடவை படித்தேன். சின்னப்பாப்பா அக்கா பேசியதைப் படித்துச் சிரித்தேன். கடைசிப் பத்திக்கு வந்ததும் எழுந்து ஜன்னலைத் திறந்தேன்.

தப்பு என்னுடையது. ஷலூப் பெட்டியை முதலில் அளந்துவிட்டு எழுத்தை அதற்குள் திணிக்கிறது. எழுத்தைக் கேட்டுவிட்டுத்தான் பெட்டியை அளந்திருக்க வேண்டும். அந்தப் பகுதியை எழுதியவன் நானேதான், போன அக்டோபரில். "தெபார்", அதாவது கிளம்புதல் என்ற ஒரே பிரெஞ்சு வார்த்தையை வைத்துச் சோதித்தேன். அது எல்லா இடத்திலும் அடங்கும். சாரத்தில் பிறந்தவன், ஒரு தடவைகூடத் தமிழில் ஒரு வார்த்தை போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

மேலோட்டமாக ஒட்டுப்போட முடியாது. அளக்கிற இடம் அடித்தளத்தில் இருக்கிறது, அதை மாற்றினால் மேலே எல்லாம் கொஞ்சம் ஆடும். பத்து நாள் கொடு.

அம்மாவிடம் சொல், நான் இளைத்துவிட்டேன் என்று அவர் சொல்வது கேமரா கோளாறு.

தம்பி
இனியவன்


சாரம்
17 மே 2025

அன்புள்ள தம்பிக்கு,

பத்து நாள் பதின்மூன்றாகிவிட்டது. குழந்தைக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது விட்டுவிட்டது. எத்தனை மணிக்கு எத்தனை டிகிரி என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் மாமா நோட்டைப் பிடுங்கி ஒளித்துவைத்தார்.

விஜயராகவன் சார் தினம் கேட்கிறார். நான் தினம் "பாத்துக்கிட்டு இருக்காங்க சார்" என்கிறேன். ஜூன் பதினைந்துக்கு இன்னும் இருபத்தொன்பது நாள்.

நீ நலமா? ஒரு வரியாவது எழுது.

அக்கா


சாரம்
23 மே 2025

அன்புள்ள இனியவனுக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வராததால் நானே போய்ப் பார்த்தேன். ஷலூப்பின் கோடிங் எல்லோரும் பார்க்கும்படி திறந்துதானே கிடக்கிறது? யார் எந்த வரியை எந்த நாள், எத்தனை மணிக்கு மாற்றினார் என்று பெயரோடு வரிசையாக இருக்கிறது. பிப்ரவரி முழுக்க ஐந்து பெயர்கள் மாறி மாறி வருகின்றன. மார்ச் ஏழாம் தேதிக்குப் பிறகு ஒரே பெயர்தான், உன் பெயர். அதுவும் உங்கள் ஊர் நேரம் இரவு இரண்டு, மூன்று, மூன்றே முக்கால். இந்த வாரம் ஒரு நாள்கூட விடவில்லை.

சாண்ட்ரினுக்கு ஏன் "அனுப்பினேன்" என்று எழுதினாய், பக்கத்து மேசைதானே என்று அப்போதே நினைத்திருக்க வேண்டும்.

மில்லை மூடிய பிறகும் அப்பா பதினைந்து நாள் தினம் காலையில் சைக்கிளில் டிபன் பாக்ஸோடு போய்க்கொண்டிருந்தார். நீ சின்னப் பையன், ஞாபகம் இருக்குமோ என்னவோ. அம்மாவுக்கு இரண்டாம் நாளே தெரியும். தெரிந்தேதான் சோறு கட்டிக் கொடுத்தார். எனக்கு அம்மா அளவுக்குப் பொறுமை கிடையாது. அதனால் கேட்கிறேன்.

மார்ச் ஏழாம் தேதி என்ன நடந்தது? நீ எப்போது தூங்குகிறாய்?

அக்கா
கார்குழலி


லியோன்
25 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

துர்காவுக்குக் காய்ச்சல் விட்டதே, நிம்மதி. நான் தூங்குகிறேன், காலை ஆறிலிருந்து ஒன்பது வரை. சாப்பாடும் உண்டு.

மார்ச் ஏழு வெள்ளிக்கிழமை. ஒரு மணி நேரத்துக்குள் மற்ற நாலு பேரையும் கூப்பிட்டு இனி வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஷலூப்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அதனால் மூடப் போகிறோம் என்றார்கள். நான் முதலாளியிடம் போய், புதுச்சேரியில் ஒரு மீனவர் சங்கம் எடுத்திருக்கிறது என்றேன். ஜூன் முப்பதுக்குள் அந்த ஆப் நிஜமான ஜனங்கள் கையில் ஓடினால் ஷலூப்பும் நானும் தொடரலாம், இல்லாவிட்டால் அன்றோடு முடிந்தது என்றார். பகலில் என்னை வேறு வேலையில் போட்டிருக்கிறார்கள். இது இரவுக்கு. நான் இந்த நாட்டில் தங்குவதற்கான குடியிருப்பு அட்டையும் இந்த வேலையோடு கட்டியிருக்கிறது.

மார்ச்சிலேயே சொல்லியிருந்தால் நீ எனக்காக ஷலூப்பை வைத்துக்கொண்டிருப்பாய். அதனால்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. நீ வேண்டாம் என்றுவிடுவாய் என்றும் பயம் இருந்தது.

பொத்தான் சரியாகிவிட்டது. இதோடு புதுப் பதிப்பை அனுப்பியிருக்கிறேன். எழுத்து எவ்வளவு பெரிதானாலும் மடங்கி அடுத்த வரிக்குப் போகும், ஓர் எழுத்தும் போகாது. இந்த முறை தமிழில் அறுபது வாக்கியம் போட்டுப் பார்த்தேன்.

ஐந்து வருடம் இருப்பீர்களா என்று கேட்டிருந்தாய். நான் ஒருத்தன் இருக்கிறேன். எத்தனை நாள் என்று தெரியாது. முடிவைப் படகுகளை வைத்து எடு, என்னைச் சேர்க்காதே. அம்மாவுக்கு இது தெரிய வேண்டாம்.

மாமாவுக்கு என் அன்பு.

தம்பி
இனியவன்


சாரம்
22 ஜூன் 2025

அன்புள்ள தம்பி இனியவனுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று எழுதத் தோன்றவில்லை, எப்படி இருக்கிறாய் என்றுதான் கேட்க வேண்டும். இங்கே நாங்கள் எல்லோரும் நலம். துர்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

நாலு வாரமாக உனக்கு எழுதவில்லை. நீயும் கேட்கவில்லை. போன ஞாயிறு நீ அம்மாவிடம் பேசியபோது நான் சமையலறையில்தான் இருந்தேன். "அக்கா எங்கம்மா?" என்று நீ கேட்டது காதில் விழுந்தது. குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

நீ அனுப்பிய புதுப் பதிப்பை அன்றே போட்டுப் பார்த்தேன். மறுநாள் கனகசெட்டிக்குளம் போய் சின்னப்பாப்பா அக்கா போனிலும் போட்டேன். ஓர் எழுத்தும் வெட்டுப்படவில்லை. அவர் திரையை ஆள்காட்டி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இப்பதான் வூட்டு ஆளு எழுதின மாரி இருக்கு" என்றார். இரண்டு நாள் அதைத் திறந்து திறந்து பார்த்தேன். அவ்வளவு சுத்தமான வேலை. மூன்றாம் நாள் ஆப்பிலிருந்து ஷலூப்பை நீக்கிவிட்டேன்.

விஜயராகவன் சாரிடம் நேரில் போய்ச் சொன்னேன். "சார், இதைச் செய்யறவங்கள்ல ஒருத்தன் என் தம்பி. இப்ப அவன் ஒருத்தன்தான் இருக்கான்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "மார்ச்லயே சொல்லியிருக்கலாமேம்மா." முதல்முறையாக மேடம் போய் அம்மா வந்தது. "தேதி மாறாது. முடியுமா?"

"முடியும் சார்" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. நாலு ஃபைல் வைக்கிற அந்த இரண்டாவதை எடுத்தேன். உன் மாமா பகல் ஷிஃப்டை இரவுக்கு மாற்றிக்கொண்டு, பகலில் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார். பதினேழு நாளில் எல்லாத் திரையையும் திரும்ப எழுதினேன். ஒவ்வொரு திரையிலும் ஷலூப்பில் இது இரண்டே வரி என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. பதினைந்தாம் தேதி விடியற்காலை நாற்பத்து மூன்று படகு போயின. நிரந்தரத்தை விஜயராகவன் சார் செப்டம்பருக்குத் தள்ளிவிட்டார். நான் மறைத்ததற்கு அது குறைவுதான்.

போன வியாழக்கிழமை ஒரு போன் கம்பெனி புதிதாக எதையோ அனுப்ப, அந்த வகைப் போன்களில் மட்டும் எச்சரிக்கைச் சத்தம் நின்றுபோனது. பத்தொன்பது வீடுகள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த ஃப்ரேம்வொர்க்குக்காரர்களின் பொதுப் பக்கத்தில் எழுதிப் போட்டேன். யார் யாரோ, எந்தெந்த ஊரிலோ இருக்கிற மூன்று பேர் மாறி மாறிப் பார்த்து, காலைக்குள் சரிசெய்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது.

ஷலூப்பாக இருந்திருந்தால் நான் உன்னைத்தான் எழுப்பியிருப்பேன். நீயும் எழுந்திருப்பாய். அடுத்த மாதமும் எழுந்திருப்பாய், முடியாது என்று ஒரு நாளும் சொல்ல மாட்டாய். உனக்கு உடம்புக்கு வந்தால் அந்த நாற்பத்து மூன்று வீட்டுக்கும் நான் என்ன சொல்வேன்? அவர்களை விடு, எனக்கு நான் என்ன சொல்லிக்கொள்வேன்?

படகுகளை வைத்து முடிவெடு, என்னைச் சேர்க்காதே என்று எழுதினாய். நான் உன்னையும் சேர்த்துத்தான் எடுத்தேன். அப்படி எடுத்ததில் உன் கையில் இருந்த ஒரே ஆப் போய்விட்டது. அதை மே மாதமே சொல்லியிருந்தால் நீ வேறு வழி தேட நாலு வாரம் கிடைத்திருக்கும். அந்த நாலு வாரத்தைப் பயந்துகொண்டு நான் வீணாக்கிவிட்டேன். ஷலூப்பை நீக்கியதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன், இதற்குக் கேட்கிறேன்.

சாண்ட்ரினுக்கு வேறு வேலை கிடைத்ததா? அவளிடம் பேசினாயா? அம்மாவுக்கு இதுவரை எதுவும் தெரியாது. நீ சொல்லும்வரை நானும் சொல்ல மாட்டேன்.

முப்பதாம் தேதிக்கு எட்டு நாள்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு நீ எங்கே இருப்பாய், அட்டைக்கு என்ன வழி, இந்த இரண்டும் எனக்குத் தெரிய வேண்டும். கோபமாக இருந்தால் கோபமாகவே எழுது. இரண்டு வரி போதும். சீக்கிரம் பதில் போடு.

அக்கா
கார்குழலி